அதக்கிய கன்னம்

முதலில் கெடுத்தவன் பொங்கியண்ணன்தான். தண்டபாணியின் சலூன் நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியதும் ஆறுக்குட்டிக்கு வழக்கம்போல அங்கிருந்துதான் தொடங்கியது. மில்லை மூடியவர்கள் அப்புறம், சொல்லாமல் வீட்டை விற்ற தம்பி அப்புறம், வரிசையில் எத்தனையோ பேர் நிற்கிறார்கள், ஆனால் முதல் ஆள் பொங்கியண்ணன். பேரிலேயே அண்ணனை வைத்துக்கொண்டு பிறந்தவன். அவனுக்கு மூத்தவர்களும் அவனை அண்ணா என்றுதான் கூப்பிட்டாக வேண்டும், அதில் அவனுக்கு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு இப்போதும் மூடிய கண்ணுக்குள் தெரிகிறது, வெற்றிலைக் காவி ஏறிய பல்லும், மீசையில் ஒட்டியிருந்த பஞ்சும். "ஏனுங்க பெருசு, ட்ரிம் பண்ணட்டுங்களா, மொத்தமா எடுத்துரலாமா?" என்று தண்டபாணி துணியை உதறிக் கழுத்தில் கட்டினான். "மொத்தமா எடுத்துரு." "ஏன், பொண்ணு கிண்ணு பாத்துட்டாங்களா?" "பாத்தாச்சு. டாக்டரம்மா. தாடியோட வந்தா ஆகாதுன்னுட்டா." தண்டபாணி சிரித்தான், ஆனால் உதட்டை முழுக்கத் திறக்காமல் சிரித்தான். கீழுதட்டுக்குள் சின்னப் புகையிலைப் பொட்டணம் ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறான், அதனால். அவன் குனியும்போதெல்லாம் அந்த வாடை வந்தது. இவன் வைத்திருப்பது ஏதோ சென்ட் போட்ட தினுசு, ஆனாலும் அடியில் அதே காரம், அதே ஈர இலை, அதே மத்தியான ஷிப்ட்டின் முதல் சங்கு. ஆறுக்குட்டிக்கு நாக்கடியில் எச்சில் ஊறியது. தீபாவளியோடு விட்டாயிற்று, விட்டு எத்தனையோ மாதமாயிற்று, வாய்க்கு மட்டும் அது தெரியமாட்டேன் என்கிறது.

கத்தரி தாடிக்குள் கிசுகிசுவென்று போனது. மடியில் விழுந்த மயிர் பஞ்சுபோல இருந்தது, பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மிஷினுக்கு அடியில் கூட்டி அள்ளுகிற கழிவுப் பஞ்சு. காற்றில் பஞ்சு, சோற்றில் பஞ்சு, கண் இமையில் பஞ்சு. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் கிழவர்களாக இருப்பார்கள், குழாயடியில் தலையைக் கழுவியதும் மறுபடி பையன்களாகிவிடுவார்கள். இப்போது கழுவினாலும் போகாத வெள்ளை. அந்தக் குழாய்த் தண்ணீர் இனிக்கும், அப்படியொரு தண்ணீரை அப்புறம் குடிக்கவே இல்லை. கேட்டுக்கு எதிரே டீயும் வர்க்கியும். வர்க்கியை டீயில் முக்கி எடுப்பதற்குள் ஒடிந்து விழும், விழுந்ததை விரலை விட்டு எடுத்துத் தின்பான் பொங்கியண்ணன், சூடு என்ற நினைப்பே கிடையாது. முதல் வாரம் ஆறுக்குட்டி இருமிக்கொண்டே இருந்தான். நெஞ்சுக்குள் யாரோ தலையணையை அடைத்த மாதிரி. ஊருக்கே போய்விடலாம், ஆடு மேய்த்தாலும் மூச்சாவது விடலாம் என்று இருந்தது. மிஷின் சத்தத்தில் பேச்சு கேட்காது, எல்லாம் ஜாடைதான். உள்ளங்கையைக் கீழே கவிழ்த்தால் மேஸ்திரி வருகிறார். கட்டை விரலை மடக்கினால் மிஷின் நின்றுவிட்டது. நெஞ்சில் ஒரு விரலால் தட்டினால் தப்பு என்னுடையது, பஞ்சுத் திரியை அறுத்தவன் நான்தான். கன்னத்தைத் தட்டினால் புகையிலை. பொங்கியண்ணன் அன்றைக்கு அவனைப் பார்த்துக் கன்னத்தைத் தட்டினான். ஆறுக்குட்டிக்கு அப்போது ஜாடை தெரியாது, பல்வலியா என்று நினைத்தான். தோளில் கை போட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய், மடியிலிருந்து புகையிலைக் காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தொட்டு, உள்ளங்கையில் கசக்கி, பெண்டாட்டி கவளம் ஊட்டுகிற மாதிரி அவனே இடது கன்னத்துக்குள் வைத்துவிட்டான். "முழுங்கீராதடா. அதக்கிக்கோ. வாயால வர்ற பஞ்சையெல்லாம் இது புடிச்சு வெச்சுக்கும், நெஞ்சுக்கு உடாது." தலை சுற்றியது, தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான், பொங்கியண்ணன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றான். பிறகு துப்பச் சொன்னான். துப்பினதில் காவியோடு காவியாக வெள்ளைப் பஞ்சு இழை இழையாக வந்தது. "பாத்தியா? இது எல்லாம் உன்ற நெஞ்சுக்குள்ள போயிருக்கும்." நம்பாமல் என்ன செய்வது? கண்ணெதிரே பஞ்சு வந்திருக்கிறது. மில்லில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள், படித்த சூப்பர்வைசர்கூட. கேட்டில் வாட்ச்மேன் மடியைத் தடவுவான், தீப்பெட்டி இருந்தால் போச்சு, பீடி இருந்தால் போச்சு, பஞ்சு பற்றிக்கொள்ளுமே. புகையிலை இருந்தால் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டான், தனக்கும் ஒரு துணுக்குக் கிள்ளிக்கொள்வான். மில்லே உள்ளே விட்டபோது அது எப்படிக் கெட்டதாக இருக்க முடியும்?

ஆனால் அந்த டாக்டர்ப் பெண் சிரித்துவிட்டாள். பல் முகாம் நடந்தது மில் இருந்த இடத்தில் கட்டிய கல்யாண மண்டபத்தில். கார்டிங் டிபார்ட்மென்ட் இருந்தது மணமேடைக்குப் பக்கத்தில் எங்கேயோ, ஆறுக்குட்டி மனசால் அளந்து பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னாள். திறந்தார். "இன்னும் பெருசா." அவ்வளவுதான் திறக்கும். ஒரு காலத்தில் முழு போண்டாவை அப்படியே போட்டுக்கொண்ட வாய், இப்போது இரண்டு விரலுக்கு மேல் விடமாட்டேன் என்கிறது. அவள் உறை போட்ட விரலை உள்ளே விட்டு இடது கன்னத்தை அழுத்தினாள், விரல் ஓர் இடத்தில் நின்றது, அப்புறம் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "புகையிலை எப்ப ஆரம்பிச்சீங்க தாத்தா? யாரு பழக்கி விட்டா?" அவர் சொன்னார், பொங்கியண்ணன் என்று, ஊரையும் சேர்த்துச் சொன்னார். இத்தனை காலத்தில் அதை ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அந்தப் பேரை எழுதிக்கொள்ளவில்லை. எத்தனை வருஷம் போட்டார் என்பதை எழுதினாள், பேரை விட்டுவிட்டாள். பஞ்சைப் பற்றிச் சொன்னபோதுதான் சிரித்தாள், கேலியாக இல்லை, பாவமாக. "துப்புற எச்சில்ல பஞ்சு வராம இருக்குமா? அந்த ஹால்ல வெறும் எச்சிலைத் துப்பினாலும் பஞ்சுதான் வந்திருக்கும் தாத்தா. நெஞ்சுக்குப் போறது மூக்கு வழியாப் போயிட்டேதான் இருந்திருக்கும். இது ஒண்ணையும் தடுக்கல. கன்னத்தை மட்டும் அரிச்சுட்டு உக்காந்திருந்துது." அப்படியானால் இருமல் ஏன் நின்றது? பழகிப்போனதால் நின்றது. அதற்குப் பேர் நின்றதா? ராத்திரி படுக்கையில் இப்போதும் வருகிறதே. நெஞ்சையும் காப்பாற்றவில்லை, கன்னமும் போயிற்று. விட்ட பிறகு கட்டி வருவது என்ன நியாயம், வாயில் இருந்தபோது ஒன்றும் செய்யாமல், துப்பித் தொலைத்தபின் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறதே என்று கேட்டார். அது அப்பவே வந்திருக்கும் தாத்தா, உங்களுக்குத்தான் தெரியல என்றாள். தாடிக்குள் இருந்தால் யாருக்குத் தெரியும், மகள் தமயந்திக்கே தெரியாது. ரசம் எரிகிறது என்று தட்டை நகர்த்தினால், வயசாச்சு, காரம் ஒத்துக்கல என்பாள் மகள். அவள் இப்போது ஆட்டோ பிடிக்கப் போயிருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில் இன்றைக்குக் கட்டியில் ஒரு துணுக்குக் கிள்ளிப் பார்ப்பார்களாம். கிள்ளுவது. பொங்கியண்ணன் காம்பைக் கிள்ளியதுபோல.

பிரஷ் முகத்தில் வந்து சுற்றியது. சோப்பு நுரை குளிர்ந்தது. "கன்னத்தை உப்புங்க பெருசு." வலது பக்கம் உப்பியது, இடது பக்கம் உப்பவில்லை, ஏற்கெனவே உப்பியிருக்கிறது. தண்டபாணியின் கட்டை விரல் தோலை இழுத்துப் பிடிக்க வந்து அந்த இடத்தில் நின்றது, டாக்டர்ப் பெண்ணின் விரல் நின்ற மாதிரியே. கண்ணைத் திறக்காமலே ஆறுக்குட்டிக்குத் தெரிந்தது. தண்டபாணி உதட்டுக்குள் இருந்ததை நாக்கால் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தள்ளுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கத்தி மெதுவாக, மேட்டைச் சுற்றி வண்டி திருப்புகிற மாதிரி, சுற்றிச் சுற்றிப் போனது. பெண்டாட்டி வேலாத்தா உயிரோடு இருந்தால் சொல்லியிருப்பாள். அவள் சுவரைப் பார்த்துத்தான் படுப்பாள், இந்த வாடைக்கு. கல்யாணமான புதிதில் அவர் பக்கம் திரும்பிப் படுத்தவள், எப்போது திரும்பினாள் என்று அவருக்கே தெரியாது, ஒரு நாள் பார்த்தால் முதுகு. வெள்ளையடித்த சுவரில் காவிக் கோடுகளைத் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நகம் சிவந்திருக்கும். "பொங்கியண்ணன் பொங்கியண்ணன்ங்கறீங்களே, அவரு ஒரு நாள் குடுத்தாரு. மத்த நாளெல்லாம் வாங்கிப் போட்டது யாரு?" என்பாள். அந்தக் கேள்விதான் முள். எந்தப் பக்கம் போனாலும் அங்கே வந்து இடறுகிறது. முதலில் கொடுத்தவன் அவன்தானே. கெட்டவன் கையால் வாங்கியிருந்தால் அன்றைக்கே துப்பியிருப்பேன் வேலாத்தா, அதைத்தான் உனக்குச் சொல்லத் தெரியாமல் போயிற்று. அவன் சோத்துப் போசியில் பாதி எனக்குக் கொடுத்தவன். அறுந்த திரியை எப்படிச் சேர்ப்பது என்று என் விரலைப் பிடித்துக் காட்டியவன். நம் கல்யாணத்துக்கு ரெண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்த்து என் வேலையையும் செய்தவன். அவன் கொடுத்ததில் எது நல்லது எது கெட்டது என்று அந்த வயசில் எப்படிப் பிரிப்பது? அன்பாகக் கொடுத்ததால்தானே உள்ளே போயிற்று.

"அட தண்டபாணி, இன்னும் கடையை ஓட்டறயா? நான் மூடியிருப்பன்னு நெனச்சேன்." குரல் கேட்டதும் ஆறுக்குட்டியின் கால் விரல்கள் செருப்புக்குள் சுருங்கின. கண்ணைத் திறந்தார். கண்ணாடியில், பின்னால் பெஞ்சில் ஒரு கிழவன் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மெலிந்திருக்கிறான், தலையில் ஒரு மயிர் இல்லை, ஆனால் அந்தக் குரல், டீக்கடையில் மட்டும் கேட்கிற பொங்கியண்ணன் குரல், மில்லுக்குள் ஜாடை மட்டும். திருப்பூரில் மகனோடு இருப்பதாகச் சொன்னார்கள். செத்துவிட்டதாகக்கூட ஒருத்தன் சொன்னான், அப்போது ஆறுக்குட்டிக்கு வந்த கோபம் துக்கமா, ஏமாந்த கோபமா என்று அவருக்கே பிடிபடவில்லை. "வாங்கண்ணா. எப்ப வந்தீங்க?" என்றான் தண்டபாணி. "தங்கச்சி பேத்திக்குக் கல்யாணம், நாளைக்கு. நம்ம மில்லு எடத்துலதான் மண்டபமாம். போய்ப் பாத்தேன், ஏசி போட்டிருக்கறான். அங்கதான் நாங்க வெந்தோம்." சிரித்தான். பல் வெள்ளையாக இருந்தது, கட்டிய பல். நுரைக்குள் இருக்கிற முகத்தை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியட்டும் தெரியாமல் போகட்டும், கத்தி தொண்டைக்குழியில் இருக்கிறது, இப்போது வாயைத் திறக்க முடியாது. "என்னடா ஒதட்டுக்குள்ள?" என்று பொங்கியண்ணன் அதட்டினான். "ஒண்ணுமில்லீங்ணா." "ஒண்ணுமில்லாததா இங்க வரைக்கும் நாறுது? துப்பித் தொலை. நான் உட்டு இருவது வருஷத்துக்கு மேல ஆகுது. மருமகன் புத்தி சொன்னான், அன்னைக்கே உட்டேன். எங்க மில்லுல சின்னப் பசங்களை நான் தொடவே உட மாட்டன். அதைப் போட்டா பஞ்சு நெஞ்சுக்குப் போகாதுன்னு திரிவானுக, முட்டாப் பசங்க. பஞ்சைப் புடிக்குமாம். என்ன வலையா அது, மீனு புடிக்கறதுக்கு?" தானே சொல்லித் தானே ரசித்தான். ஆறுக்குட்டிக்குக் காதுக்குள் மிஷின்கள் ஓடத் தொடங்கின, கார்டிங் வரிசை முழுக்க ஒரே நேரத்தில். தொட்டிச் சுவர், முதுகில் அந்தக் கை, முழுங்கீராதடா. மறந்துவிட்டானா, அல்லது மறந்ததாகச் சொல்கிறானா, அல்லது எல்லோருக்கும் கொடுத்துக் கொடுத்து யாருக்கும் கொடுக்காத மாதிரி ஆகிவிட்டதா? நான் இத்தனை காலம் வைத்துக் காப்பாற்றி வந்தது அவனிடம் ஒரு துளிகூட இல்லையா? அப்படியானால் நான் யாரிடம் கேட்பது? தாடை இறுகியது. "ஆடாதீங்க பெருசு," என்றான் தண்டபாணி மெதுவாக.

துணியால் முகத்தைத் துடைத்ததும் கண்ணாடியில் ஒரு முகம் வந்தது. தாடியில்லாமல் பார்த்து வெகு நாளாயிற்று. இடது கன்னம் மில்லில் இருந்த காலத்துக் கன்னமாகவே இருந்தது, ஒரு பக்கம் புடைத்து, எப்போதும் ஏதோ வைத்திருப்பதுபோல. அதனால்தான் அவனுக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். "அட, ஆறு. நீயாடா?" பொங்கியண்ணன் எழுந்து வந்து இரண்டு தோளையும் பிடித்தான். அதே கை, அதே இடம். "வாங்கண்ணா," என்றது ஆறுக்குட்டியின் வாய், அவரைக் கேட்காமலே. மனசுக்குள் இத்தனை வருஷம் அவன் இவன் என்று இருந்தது, வாய்க்கு வந்ததும் அண்ணனாகிவிட்டது. "உசுரோட இருக்கறயா? கண்ணுக்குள்ளயே இருக்கறடா நீ. திரி போடற கேன் மேல ஏறி நின்னு மேஸ்திரி மாதிரி நடிச்சுக் காட்டுவியே, நெனப்பிருக்குதா? வவுறு வலிக்கச் சிரிப்போம்." நினைவிருக்கிறது. எல்லாம் நினைவிருக்கிறது. மேஸ்திரி மாதிரி நடித்தது, இவன் சிரித்துச் சிரித்துப் பஞ்சு மூட்டை மேல் விழுந்தது, அந்த நாளை இன்னொரு தடவை தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்வார், புகையிலையோடு சேர்த்தே வாங்கிக்கொள்வாரோ என்றுகூடத் தோன்றி, தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கேட்டுவிடலாம். இப்போது. நீங்கதானே வெச்சு விட்டீங்க அண்ணா, ஒரு வார்த்தை சொல்லுங்க, ஆமாடா நான்தான்னு, அது போதும், ஆஸ்பத்திரிக்கு அதை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். வாயைத் திறந்தார், அது திறக்கும் அளவுக்குத் திறந்தது. அதற்குள் பொங்கியண்ணன் கன்னத்தைப் பார்த்தான். முகம் சுளித்தான். "இன்னும் உடலையாடா நீ? இந்த வயசுல ஒரு அதக்கு அதக்கி வெச்சிருக்கற, எலுமிச்சங்கா மாதிரி. போ, போய்த் துப்பீட்டு வா. அப்புறமேலு பேசலாம்." தண்டபாணி தலையைக் குனிந்துகொண்டு கத்தியைத் துடைத்தான், துடைத்த கத்தியையே மறுபடி துடைத்தான்.

ஆறுக்குட்டி வெளியே போனார். ஏன் போனார் என்று அவருக்குத் தெரியவில்லை, அண்ணன் சொன்னால் போகிற பழக்கம் காலுக்கு இருந்தது. சாக்கடை ஓரம் குனிந்தார். வெயில் தண்ணீர்மேல் பளபளத்தது. நாக்கு போய் அந்த இடத்தைத் தொட்டது, கரடு, ஓரத்தில் கொஞ்சம் ஈரம், கொஞ்சம் உப்பு. இது முளைத்த இடம் அவன் விரல் வைத்த இடம். துப்பினார். எச்சில் மட்டும் வந்தது. பஞ்சு இல்லை, காவி இல்லை, ஒரு நூல் சிவப்பு மட்டும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பாத்தியா, என்றது அந்தக் குரல் எங்கிருந்தோ, இது எல்லாம் உன்ற நெஞ்சுக்குள்ள போயிருக்கும். பயமாக இருந்தது. கோபத்துக்கு அடியில் இத்தனை நாளும் இதுதான் படுத்திருந்தது போலிருக்கிறது, வெறும் பயம், முதல் வாரத்தில் இருமிக்கொண்டு ஊருக்கு ஓடிவிடலாம் என்று நின்ற பையனின் பயம். அன்றைக்கு முதுகைத் தடவ ஒரு கை இருந்தது.

திரும்பி உள்ளே வந்தபோது பொங்கியண்ணன் நாற்காலியில் சாய்ந்திருந்தான். கழுத்துவரை துணி, வாய்வரை நுரை. "துப்பீட்டயா?" என்று நுரைக்குள்ளிருந்து கேட்டான். "பேசாதீங்கண்ணா, கத்தி வெச்சிருக்கறன்," என்றான் தண்டபாணி. ஆறுக்குட்டி கண்ணாடியில் அவன் கண்ணைப் பிடித்தார். மில்லில் சத்தத்துக்குள் நின்றதுபோல நின்றார். உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்தார், அந்த மேட்டின்மேல், தட்டினார். பிறகு விரலை நீட்டிக் கண்ணாடிக்குள் இருந்த பொங்கியண்ணனைக் காட்டினார். மறுபடி கன்னத்தைத் தட்டினார். வாயைத் திறக்க முடிந்த மட்டும் திறந்து, உதட்டை விரலால் இழுத்து, உள்ளே காட்டினார். "துப்ப முடியலீங்கண்ணா," என்றார், "புடிச்சுக்கிட்டுது." பொங்கியண்ணனின் கண் நுரைக்கு மேலே அசையாமல் நின்றது. கேலி போயிற்று. அவன் நினைப்பு எங்கெங்கோ போய்வருவதை ஆறுக்குட்டி பார்த்தார், தொட்டிச் சுவர்வரைக்கும் போயிற்றா, தெரியவில்லை. துணிக்கடியில், நெஞ்சுப் பக்கம், ஏதோ அசைந்தது. ஒரு தடவை. விரலால் தட்டியதா, தப்பு என்னுடையது என்பதற்கா, அல்லது அரித்த இடத்தைச் சொறிந்ததா? துணி மறைக்கிறது. வெளியே எடு கையை. துணிக்கு மேலே எடுத்துத் தட்டு, நான் பார்க்கிற மாதிரி. துணி இன்னும் ஒரு தடவை மேலெழும்பியது. "ஆடாதீங்கண்ணா, வெட்டீரும்," என்று தண்டபாணி அந்தக் கையைத் துணியோடு சேர்த்து அழுத்தி வைத்தான்.

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. "அப்பா, வாங்க, நேரமாச்சு," என்றாள் தமயந்தி. ஆறுக்குட்டி பெஞ்சைப் பார்த்தார், உட்காரலாமா என்று. ஒரு ஷேவிங் முடிய எவ்வளவு நேரம் ஆகும். ஹாரன் மறுபடி அடித்தது. ஆட்டோவில் ஏறியதும் மகள் அவர் முகத்தையே பார்த்தாள், தாடி இல்லாத அந்த முகத்தை, பிறகு கன்னத்தை. வெளியே திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபின், "உள்ள யாருப்பா அது, உங்களையே பாத்துட்டு இருந்தாரு?" என்றாள். "மில்லுல கூட இருந்தவரு. எனக்கு ஒண்ணு தர வேண்டியிருக்குது." "பணமா?" "பணமெல்லாம் இல்ல." "பின்ன என்ன?" ஆட்டோ மண்டபத்தைத் தாண்டியது. வாசலில் நாளைய கல்யாணத்துக்கு வாழை கட்டிக்கொண்டிருந்தார்கள், கார்டிங் டிபார்ட்மென்ட் வாசலில். ஆறுக்குட்டி நாக்கால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"வந்து வாங்கிக்கறேன்," என்றார்.